ஏரி பாதிதான் நிரம்பியிருக்கு: 60 ஏக்கருக்கு முறை வைப்பது எப்படி?

கடைமடை:
ஒரே மடை, ஒரே மண் வாய்க்கால், 60 ஏக்கர் நெல். ஏக்கருக்கு இத்தனை மணி என்று பிரித்தும் கடைசி 15 ஏக்கருக்குத் தண்ணீர் எட்டவில்லை. தலைமடையில் (மடைக்குப் பக்கத்தில்) ஆழ்துளைக் கிணறு வைத்திருப்பவர்கள் மராமத்துக்கு வருவதில்லை, மடை திறந்தால் மட்டும் முதலில் நிற்கிறார்கள். கணக்கு எங்கே தப்புகிறது? ஷட்டர் சாவி யாரிடம் இருக்க வேண்டும்?

வாய்க்கால்கணக்கு:
வாய்க்கால் நிரம்பும் நேரம் யார் பங்கில் போகிறது என்று முதலில் பாருங்கள். காய்ந்த மண் வாய்க்காலில் தண்ணீர் கடைசி வரை போக ஐந்தாறு மணி நேரம் ஆகலாம். அது கடைமடைக்காரர் முறையில் கழிந்தால் அவருக்கு மிஞ்சுவது சேறுதான்.

அதனால் முறையைக் கடைமடையில் தொடங்கி மேலே வாருங்கள். வாய்க்காலை ஒரே தடவை நிரப்பினால் போதும், அந்த நேரத்தைப் பொதுவில் கழித்துவிடலாம்.

இன்னொன்று, சுற்றை 5 நாளாக வைக்காதீர்கள். சரியாக 120 மணி என்றால் இரவு முறை வந்தவருக்கு எப்போதும் இரவுதான் வரும். ஐந்தரை நாள், அதாவது 132 மணி வைத்தால் பகலும் இரவும் தானாக மாறும். நிரப்ப 6 மணி கழித்தால் 126 மணி. ஏக்கருக்கு 2 மணி 6 நிமிடம், 50 சென்டுக்கு 1 மணி 3 நிமிடம்.

ஒரு ஏக்கரில் 5 செ.மீ. நிறுத்த சுமார் 2 லட்சம் லிட்டர் வேண்டும். வயல் வாய்மடையில் விநாடிக்கு ஒரு கன அடி ஓடினால் 2 மணி நேரத்தில் அது வந்துவிடும். மண் வாய்க்காலில் மூன்றில் ஒரு பங்கு கசியும் என்று வைத்து, மடையில் ஒன்றரை கன அடி திறக்க வேண்டும். பயந்து சன்னமாகத் திறந்தால் பாதி வழியிலேயே மண் குடித்துவிடும். கொஞ்சமாக நாள் முழுக்க விடுவதைவிட நிறைய விட்டு முறையோடு மூடுவதே சிக்கனம்.

நீர்க்கட்டி_முறை:
சாவி, ஆயக்கட்டில் (ஏரி பாயும் வயல்களில்) நிலமில்லாத ஒருவரிடம் இருக்கட்டும். மடை திறந்து வயலுக்கு நீர் பாய்ச்சும் நீர்க்கட்டி வேலைக்குப் பல ஊர்களில் அப்படித்தான் ஆள் வைத்தார்கள். தன் வயல் இல்லாதவருக்கு யார் வயலுக்கும் கூடுதலாக விட வேண்டிய தேவை இல்லை. ஆனால் அவர் கூலியைத் தலைமடைக்காரர் ஒருவரே கொடுத்தால் இந்த ஏற்பாடே வீண். அறுவடையில் ஏக்கர் வாரியாக எல்லோரும் நெல்லாகவோ பணமாகவோ அளக்க வேண்டும், கடைசி வயலும் நனைந்த பிறகே முழுக் கூலி என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

கணக்கு நோட்டு சாவிக்காரரிடம் வேண்டவே வேண்டாம். திறந்த நேரம், மூடிய நேரம், வயல் எண், அடுத்த முறைக்காரரின் கையெழுத்து, இவ்வளவு போதும். உத்திரமேரூரில் கி.பி. 921 கல்வெட்டுப்படி, கணக்குக் காட்டாதவர் பெயரையும் அவர் உறவினர் பெயரையும் ஊர் வாரியத்துக்கு (நிர்வாகக் குழுவுக்கு) ஆள் எடுக்கும் குடவோலையில் எழுதவே முடியாது. மூன்று ஆண்டுக்குள் வாரியத்தில் இருந்தவரும் மறுபடி வர முடியாது. இந்த இரண்டையும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். கால் வேலி (வேலி என்பது பழைய நில அளவு) நிலம் இருந்தால்தான் தகுதி என்ற அவர்களுடைய விதியை மட்டும் விட்டுவிடுங்கள்.

கடைமடை:
மிக்க நன்றி ஐயா. கிணற்றுக்காரர்களை என்ன செய்வது?

வாய்க்கால்கணக்கு:
ஏரி நிரம்பினால்தான் அவர்கள் கிணறும் ஊறுகிறது. அதனால் மராமத்துக் கணக்கில் அவர்களுக்கு விலக்குக் கிடையாது. ஐப்பசி மழைக்கு முன், ஆவணிக்குள், ஏரிக்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால் தூர்வார ஏக்கருக்கு ஓர் ஆள் ஒரு நாள். வராதவர் அன்றைய முழுக் கூலியைக் கட்ட வேண்டும். கூலியைவிடக் குறைவாக அபராதம் வைத்தால் வசதியுள்ளவர் எல்லோரும் பணத்தைக் கட்டிவிட்டு ஒதுங்கிவிடுவார்கள், வாய்க்காலில் இறங்க ஆள் இருக்காது.

தண்ணீர் இன்னும் குறைந்தால் இலங்கைக் குளப்பாசன ஊர்களின் ‘பெத்ம’ முறையைப் பாருங்கள். குளத்தை ஒட்டிய நிலத்தை மட்டும் அந்தப் போகத்துக்கு எல்லாப் பங்குதாரர்களுக்கும் தற்காலிகமாகப் பிரித்துக் கொடுப்பார்கள். நீண்ட வாய்க்காலில் வீணாகும் தண்ணீர் மிச்சமாகும். தலைமடைக்காரர் சம்மதிப்பது கடினம், ஆகவே நாற்று விடும் முன்பே பேசி எழுதிக்கொள்ளுங்கள். பயிர் வாடும்போது பேசினால் சண்டையில்தான் முடியும்.

ஊர்ப்பொது:
இருவரும் நிலமில்லாதவர்களை விட்டுவிட்டீர்கள். ஆடு மாடு குடிக்கவும் துணி துவைக்கவும் ஏரியில் கொஞ்சம் தண்ணீர் நிற்க வேண்டும். மடை வாசலில் ஓர் அளவுகல் நட்டுக் கோடு போடுங்கள், அதற்குக் கீழே இறங்கினால் பாசனம் நிறுத்தம். அந்தக் கோடு எங்கே என்று முடிவு செய்யும் கூட்டத்தில் மாடு மேய்ப்பவர்களும் பெண்களும் இருக்க வேண்டும். பட்டாதாரரை மட்டும் கூப்பிட்டால் வயலில் இறங்கி வேலை செய்யும் பெண்களும் குத்தகைக்காரர்களும் வெளியே நிற்பார்கள். பயிர் செய்பவர் பட்டியல் தனியாக எழுதுங்கள்.

60 ஏக்கர் ஆயக்கட்டு என்பது 40 ஹெக்டேருக்குக் கீழே, பொதுவாக ஊராட்சி ஒன்றியப் பராமரிப்பில் வரும். மீன் ஏலப் பணம் எவ்வளவு வந்தது, ஏரிக்கு எவ்வளவு செலவானது என்று கிராம சபையில் கேளுங்கள். உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22-லும் சபை கூடுகிறது. கேள்வியை எழுத்தில் கொடுத்து, தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.