பம்பும் மருந்தும் இல்லாமல் தோட்டத்துக் குட்டை: தண்ணீர் தெளிவாக நிற்குமா?

செம்மண்மேடு கேட்டது:

வணக்கம். செங்கல்பட்டு பக்கம் வீட்டுத் தோட்டத்தில் 10 அடிக்கு 7 அடி, முட்டை வடிவில் ஒரு குட்டை வெட்டப் போகிறோம். பம்ப், ஃபில்டர், மருந்து எதுவும் வேண்டாம். தவளை, தட்டான், குருவி வந்து போனால் போதும். மண் செம்மண், இரண்டடிக்குக் கீழே சரளை. போர் தண்ணீர் டிடிஎஸ் (கரைந்த உப்பின் அளவு) 1400. கிழக்கே 15 அடியில் வேப்பமரம் நிற்கிறது. களிமண் அடித்தே தண்ணீரை நிறுத்த முடியுமா, இல்லை ஷீட் வேண்டுமா? ஆழம் எவ்வளவு? பச்சையாகிவிடும், கொசு வந்துவிடும் என்று வீட்டில் பயப்படுகிறார்கள்.

வண்டல் பதில்:

சரளை மேல் களிமண் நிற்க வேண்டுமானால் அடியிலும் சுவரிலும் ஒரு அடி கனம் தேவை. உங்கள் அளவுக்கு ஏறக்குறைய ஒரு யூனிட் (நூறு கன அடி) களிமண். அதை நாலு அங்குலம் நாலு அங்குலமாகக் கொட்டி, நனைத்து மிதிக்க வேண்டும். அவ்வளவு செய்தாலும் சித்திரையில் தண்ணீர் இறங்கும்போது மேல் ஓரம் காய்ந்து வெடிக்கும், அடுத்த மழையில் அந்த வெடிப்பு வழியாகவே ஒழுகும். உங்கள் மண்ணுக்கு ஷீட்தான் சரி.

பண்ணைக்குட்டைக்குப் போடும் 500 மைக்ரான் ஹெச்டிபிஇ (கெட்டி பிளாஸ்டிக்) ஷீட் வாங்குங்கள். அளவுக் கணக்கு: நீளத்தோடு ஆழத்தின் இரு மடங்கு, அதோடு ஓரத்துக்கு இரண்டடி. ஆழம் இரண்டரை அடி என்றால் 10+5+2, ஆக 17 அடி. அகலம் 7+5+2, ஆக 14 அடி. ஒரே துண்டாகக் கேளுங்கள். ஹெச்டிபிஇயில் சாதாரணப் பசை ஒட்டாது, இணைப்பு வேண்டுமானால் கடையிலேயே சூட்டில் வெல்டு செய்து வாங்க வேண்டும்.

வெட்டும்போது ஓரத்தைச் சுற்றி ஓரடி அகலத்துக்கு, எட்டு அங்குல ஆழத்தில் ஒரு படி விடுங்கள், கரைச் செடிகள் அதில்தான் நிற்கும். நடுவில் இரண்டரை அடி. ஒரு பக்கம் மட்டும் படி இல்லாமல் சரிவாக, மூன்றடி போனால் ஓரடி இறங்கும்படி இருக்கட்டும். ஷீட் வழுக்கும், அணிலும் தவளைக்குஞ்சும் ஏறி வர அந்தச் சரிவும் அதன்மேல் பரப்பிய கூழாங்கல்லும் இல்லாவிட்டால் செத்து மிதக்கும்.

பலர் கோட்டை விடுவது ஓர மட்டத்தில். கொத்தனார் டியூப் லெவல் வைத்துச் சுற்றிலும் பாருங்கள். ஓரங்குலம் ஏறி இறங்கினாலும் ஒரு பக்கம் வழியும், எதிர்ப்பக்கம் கறுப்பு ஷீட் பல்லைக் காட்டும். அந்தத் தெரியும் ஷீட்தான் வெயிலில் முதலில் நொறுங்கும். கரை தரைமட்டத்தை விட மூன்று அங்குலம் உயரமாக இருக்கட்டும். உரம் போட்ட பாத்தித் தண்ணீர் மழையில் உள்ளே இறங்கினால் அப்புறம் பச்சையைத் தடுக்க வழியில்லை. ஐப்பசி மழை வழிந்து போக ஒரே ஓர் இடத்தில் அரை அங்குலம் தாழ்த்தி, அங்கிருந்து வாழைப்பாத்திக்கு வாய்க்கால் விடுங்கள்.

குழிக்குள் கல், வேர் முனைகளைப் பொறுக்கி எடுத்துவிட்டு இரண்டு அங்குலம் மணல், அதன்மேல் பழைய நைலான் சாக்கு. கோணி வேண்டாம், மக்கிவிடும். ஷீட்டைத் தளர்வாக விரித்துத் தண்ணீர் ஏற ஏற மடிப்பைச் சரி செய்யுங்கள். நிரம்பி இரண்டு நாள் கழிந்த பிறகே ஓரத்தை வெட்ட வேண்டும், முன்பே வெட்டினால் தண்ணீரின் கனம் ஷீட்டை உள்ளே இழுத்துவிடும்.

அல்லித்தண்டு பதில்:

குட்டை அமைப்பு பற்றி மேலே சரியாகச் சொல்லிவிட்டார். தண்ணீர் தெளிவது செடியால்தான். தண்ணீரில் கரைந்த சத்தைச் செடி எடுக்காவிட்டால் பாசி எடுக்கும், நடுவில் வேறு ஆளில்லை. அதனால் நிரப்பிய வாரத்திலேயே செடிகள் இறங்கிவிட வேண்டும். வேலம்பாசி (பெயரில்தான் பாசி, தண்ணீருக்குள் வளரும் செடி) 15 முதல் 20 கொத்து, அல்லி இரண்டு, படியில் வசம்பு, நீர்ப்பிரமி, ஆரைக்கீரை எல்லாம் சேர்த்துப் பத்துத் தொட்டி. மேல்பரப்பில் பாதிக்கு மேல் இலை மூட வேண்டும். அல்லித் தொட்டியில் சாணமோ மண்புழு உரமோ போடாதீர்கள். உரமில்லாத களிமண்ணும், மேலே ஓரங்குலம் பருமணலும் போதும். சம்பங்கோரை வேண்டாம், அதன் கிழங்கு முனை ஷீட்டைத் துளைக்கும். ஆகாயத்தாமரை எவ்வளவு அழகாகப் பூத்தாலும் வேண்டாம்.

முதல் மூன்று முதல் ஆறு வாரம் தண்ணீர் பச்சையாகத்தான் இருக்கும். அந்தச் சமயத்தில் பதறிப்போய்த் தண்ணீரை இறைத்து மாற்றுவதுதான் பெரிய தப்பு. புதுத் தண்ணீரோடு புதுச் சத்து வரும், பாசி முதலிலிருந்து ஆரம்பிக்கும். நூல்பாசி வந்தால் குச்சியில் சுற்றி எடுத்து ஓர் இரவு கரையிலேயே போடுங்கள். அதில் சிக்கிய பூச்சிகள் தண்ணீருக்குத் திரும்பிவிடும், பிறகு உரக்குழிக்குப் போகட்டும்.

உங்கள் போர் தண்ணீர்தான் எனக்குக் கவலை. குட்டையின் பரப்பு சுமார் 55 சதுர அடி, கொள்ளளவு 2300 லிட்டர் வரும். கோடையில் நாளுக்கு 7 மி.மீ. ஆவியாகிறது என்று வைத்தால் 35 லிட்டர். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அங்கேயே தங்கும். 90 நாள் போர் தண்ணீரே ஊற்றினால் 1400 என்பது 3300 பக்கம் போய் நிற்கும், அல்லி இலை ஓரம் கருகும். ஆகையால் முதல் நிரப்பல் மழைத்தண்ணீராக இருக்கட்டும். 500 சதுர அடி மாடியில் ஒரு செ.மீ. மழை பெய்தால் வழியில் போனது போக 400 லிட்டர் கிடைக்கும், ஆறு நல்ல மழை போதும். கோடைக்கு ஈடுகட்ட ஒரு தொட்டியில் மழைநீரைச் சேர்த்து வையுங்கள். ஐப்பசியில் மாடிக்குழாயைக் குட்டைக்குத் திருப்பினால் சேர்ந்த உப்பில் பெரும்பங்கு வழிந்து போகும்.

வேம்பு மாசி, பங்குனியில் இலை உதிர்க்கும். அந்த மூன்று நாலு வாரம் மட்டும் வலை போடுங்கள். இலை அடியில் அழுகினால் சத்தும் ஏறும், நாற்றமும் வரும்.

தும்பி பதில்:

கொசு பற்றி: முட்டையிலிருந்து கொசு பறக்க நம் வெயிலில் 7 முதல் 10 நாள். தட்டான் புழுவும் மற்ற நீர்ப்பூச்சிகளும் தானாக வந்து கொசுப்புழுவைத் தின்னும், ஆனால் அவை வந்து பெருகச் சில வாரம் ஆகும். அந்த இடைவெளிதான் ஆபத்து. அதற்கு எட்டுப் பத்து சின்னக் கெண்டைப்பொடி விடலாம், தீவனம் போடக் கூடாது. போட்டால் கொசுப்புழுவைத் தேடாது, கழிவும் ஏறும். கொசு ஒழிப்புக்கு விடும் கம்பூசியா மீன் வேண்டவே வேண்டாம், தலைப்பிரட்டையைக் கடித்தே தீர்த்துவிடும். கோய், தங்கமீன் இரண்டும் அடியைக் கிளறித் தண்ணீரைக் கலக்கும்.

மீன் அதிகமானால் பம்ப் இல்லாத குட்டையில் விடியற்காலைதான் தெரியும். இரவெல்லாம் செடியும் ஆக்சிஜனை எடுக்கும், சுடுதண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரையும். ஐந்து மணிக்கு மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்தால் எண்ணிக்கையைக் குறையுங்கள். தவளைதான் முக்கியம் என்றால் மீனே விடாதீர்கள். வாரம் இரண்டு முறை வெள்ளைக் குவளையில் ஓரமாக ஐந்து இடத்தில் மொண்டு பாருங்கள், புழு தெரிந்தால் மட்டும் வலைக்கரண்டியால் அரியுங்கள். டெங்குக் கொசு விரும்புவது பூந்தொட்டித் தட்டையும் பழைய டயரையும், அவற்றையும் கவிழ்த்துவிடுங்கள்.

சின்னக் குழந்தைகள் வரும் வீடென்றால் தண்ணீர் மட்டத்துக்கு மேலே, குழந்தை ஏறினாலும் தண்ணீருக்குள் தாழாத உறுதியான கம்பி வலைச் சட்டம் வேண்டும். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

கரைமேல் கேட்டது:

இதே முறையில் கட்டிய குட்டை, தினம் ஓரங்குலம் இறங்குகிறது. ஓட்டை எங்கே என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

வண்டல் பதில்:

முதலில் ஒழுகலா ஆவியா என்று பாருங்கள். ஒரு வாளியில் தண்ணீர் நிரப்பிக் குட்டைப் படியிலேயே வையுங்கள். வாளிக்குள்ளும் குட்டையிலும் மட்டத்தைக் குறித்து 24 மணி நேரம் கழித்துப் பாருங்கள். இரண்டும் ஒரே அளவு இறங்கினால் ஆவி. கோடையில் கால் அங்குலம் சகஜம், ஓரங்குலம் என்பது ஆவி இல்லை.

ஓட்டை தேடுவதற்கு முன் ஓரத்தைச் சுற்றி வாருங்கள். ஷீட்டின் மேலுள்ள மண் தண்ணீரையும் வெளிமண்ணையும் சேர்த்துத் தொட்டுக்கொண்டிருந்தால் விளக்குத் திரி போல உறிஞ்சும். அந்த இடத்தில் வெளிமண் எப்போதும் ஈரமாக இருக்கும். ஷீட் விளிம்பை மண்ணுக்கு மேலே நிமிர்த்திக் கல் வைத்தால் நின்றுவிடும்.

அதுவும் இல்லையென்றால் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்துங்கள். மட்டம் எங்கே வந்து நிற்கிறதோ, அந்தக் கோட்டில் சுற்றிலும் மடிப்புகளை விரலால் தடவுங்கள். ஓட்டை அந்த உயரத்தில்தான் இருக்கும். காய்ந்த பிறகு துடைத்து, பியூட்டைல் டேப்பை (ரப்பர் போன்ற ஒட்டுப்பட்டை) ஓட்டையைச் சுற்றி மூன்று அங்குலம் தாண்டும்படி ஒட்டுங்கள்.