பைன் பேனலுக்கு வால்நட் ஸ்டெயின் அடிச்சா திட்டு திட்டா நிக்குது, என்ன பண்ணலாம்?

திருநகர்வாசி:
ஹால்ல டிவி சுவரு பூராம் பைன் பலகையில பேனலிங் பண்றோம், நாக்கும் காடியும் வச்ச பலகை (ஒரு பலகையோட நாக்கு அடுத்த பலகையோட காடிக்குள்ள சொருகும்), ஆசாரி பாதி சுவரு மாட்டிட்டாரு. பாலிஷ்காரர் ஒரு ஓரத்துல வால்நட் ஸ்டெயின், அதான் மரத்துக்குள்ள ஊறுற கலரு, அடிச்சுக் காமிச்சாரு, தேமல் விழுந்த மாதிரி அங்கிட்டு கருப்பு இங்கிட்டு வெளுப்பு. கேட்டா இன்னொரு கோட்டு அடிச்சா சரியாயிரும்ங்கிறாரு. நம்பலாமா? காரைக்குடி வீட்டுக் கதவுல இருக்குமே, காடிக்குள்ள கருத்து மேல லேசா வெளுத்து, அந்த லுக்குதான் வேணும்.

மேலூர் மரக்கடை:
இன்னொரு கோட்டு அடிச்சா கருப்பு இன்னும் கருப்பாகும், அம்புட்டுதான். பைன்ல மெத்துனு இருக்குற இடம் ஸ்டெயினைக் குடிச்சிரும், கெட்டியான ரேகை குடிக்காது, அதான் திட்டு. அடிச்ச இடத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு எடுங்க, 120 நம்பர் தாள் அப்புறம் 180, ரேகை ஓடுற வாக்குலயே தேய்க்கணும், குறுக்க தேய்ச்சா ஒவ்வொரு கீறலும் ஸ்டெயின் ஏறுனதும் பல்லைக் காட்டும். தூசியைத் துடைச்சிட்டு சேண்டிங் சீலரைத் (மரம் ஸ்டெயினை ரொம்பக் குடிக்காம அடைக்கிற பூச்சு) தின்னர் நிறைய விட்டு தண்ணியாக்கி ஒரே ஒரு கை அடிங்க. காஞ்சதும் 220ல லேசா ஒரு தடவு, அப்புறம் ஸ்டெயின். பிரஷ்ல பூசிட்டு காயறதுக்குள்ள பனியன் வேஸ்ட்டால துடைச்சிரணும், பலகை மேல நல்லா துடைங்க, காடிக்குள்ள துணியை விடாதீங்க, நீங்க கேட்ட பழைய லுக் தானா வரும். முதல்ல வெட்டுன துண்டுல பார்த்துக்கங்க. சீலர், ஸ்டெயின், பாலிஷ் மூணும் ஒரே கம்பெனியா இருந்தா தொல்லை இல்ல.

கே கே நகர்:
மாட்டாம கிடக்குற பலகைய தரையில போட்டே ஸ்டெயின் அடிச்சிருங்க சார், நாக்குலயும் சேர்த்து. நம்மூரு கோடையில மரம் சுருங்கும், மாட்டுன பிறகு அடிச்சா இணைப்புல வெள்ளைக் கோடு கோடா எட்டிப் பார்க்கும். பெவிகால் வழிஞ்ச இடத்தையும் பாருங்க, ஈரத் துணியால துடைச்சா அந்த இடம் மட்டும் நனையாம தனியாத் தெரியும், அங்க ஸ்டெயின் ஏறவே ஏறாது.

திருநகர்வாசி:
அண்ணே ரொம்ப நன்றி. ஸ்டெயினுக்கு மேல அடிக்கிற கோட்டு மெலமைன் பாலிஷா, பியு (பாலியூரிதேன்) பாலிஷா? பாலிஷ்காரர் இந்த வாரமே முடிச்சிரணும்னு நிக்குறாரு, இங்க தினம் சாயங்காலம் மழை.

மேலூர் மரக்கடை:
உள்சுவருக்கு மெலமைனே போதும், மேட் வாங்குங்க, பளபளன்னு இருந்தா பழைய லுக் போயிரும். மழை ஈரத்துல அடிச்சா வெள்ளை பூத்துரும், அதனால நல்லா வெயில் ஏறுன பிறகு ஆரம்பிச்சு மத்தியானத்துக்குள்ள நிறுத்தச் சொல்லுங்க. அவசரப்பட்டா அவரு கூலிய வாங்கிட்டுப் போயிருவாரு, சுவரைப் பார்த்துட்டு உட்கார்ந்திருக்கப் போறது நீங்கதான். ஸ்டெயின் ஆயில் வகைன்னா துடைச்ச துணியச் சுருட்டி மூலையில போடாதீங்க, தானா சூடேறித் தீப்பிடிக்கும், விரிச்சு வெளியில காயப் போடுங்க.