கேசட்டைப் பிரித்துப் பார்த்தவர்கள் வாங்க: உள்ளே என்ன இருந்தது?

கருப்புச்சொட்டு:

டிவி கேம் போடும் மஞ்சள் கேசட். 9999999 இன் 1. இதற்கு மேல் அறிமுகம் வேண்டாம் என்று நினைக்கிறேன். தங்கச்சி அதை மாடிப்படியில் போட்டுவிட்டாள், விளிம்பு பிளந்துகொண்டது. ஒட்டிப் பார்க்கலாம் என்று கையில் எடுத்த அப்பா, சரி, உள்ளே என்னதான் இருக்கிறது பார்ப்போமே என்று ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பிவிட்டார். அடியில் இரண்டு விரல் உயரத்துக்கு ஒரு பச்சைப் பலகை. அதன் நடுவில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குக் கருப்பாக ஏதோ சொட்டி உறைந்திருந்தது. அவ்வளவுதான். மீதி வெறும் பிளாஸ்டிக் கூடு.

அப்பா முகம் மாறியதை மறக்கவே முடியாது. "உள்ளே இருந்ததை உருவிட்டுக் குடுத்திருக்கான்டா" என்று சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிட்டார். அம்மா வாசலில் மறித்து, "முதல்ல வேலை செய்யுதான்னு பாருங்க" என்றாள். கூடு இல்லாமல் பலகையை மட்டும் டிவி கேமில் செருகினோம். கான்ட்ரா ஆட்டம் வந்தது, முப்பது உயிரோடு. போட்ட சட்டையைக் கழற்றாமலே நின்று பார்த்துக்கொண்டிருந்தார் மனுஷன்.

அந்தத் துண்டுப் பலகைக்கு எதற்கு அவ்வளவு பெரிய கூடு? நீங்களும் பிரித்துப் பார்த்திருந்தால் எழுதுங்கள்.

சர்க்யூட்_சங்கரி:

எனக்கு இது அமெரிக்காவில் நடந்தது. ஒஹையோவில் ஒரு வீட்டு வாசல் விற்பனையில் 'ஜைரோமைட்' கிடைத்தது. நின்டெண்டோவின் என்.இ.எஸ். கேம் பெட்டி முதன்முதலாக 1985-இல் நியூயார்க்கில் விற்பனைக்கு வந்தபோது ஒரு பொம்மை ரோபோவும் கூட வந்தது தெரியும் அல்லவா, அந்த ரோபோவுக்கான ஆட்டம். தூக்கியதுமே மற்றதைவிடக் கொஞ்சம் கனம். ஆரம்பகாலக் கேசட் என்பதால் சாதாரணத் தட்டை ஸ்க்ரூதான், ஐந்தும் சுலபமாகக் கழன்றன.

உள்ளே பார்த்தால் ஜப்பானியப் பலகை! என்.இ.எஸ்.ஸின் ஜப்பானிய வடிவமான ஃபேமிகாமுக்குச் செய்த, 60 பின் (உலோகத் தொடர்பு முனை) உள்ள பலகையை அப்படியே எடுத்து, கீழே 72 பின்னுக்கு மாற்றும் ஓர் இணைப்பானைக் கோர்த்து, அமெரிக்கக் கூட்டுக்குள் வைத்து மூடியிருக்கிறார்கள். இணைப்பானின் மேல் 'ஜாயின்ட்' என்றே அச்சடித்திருக்கிறது. ஆட்டத்தைப் போட்டால் பெட்டியில் இருக்கும் பெயர் வராது, 'ரோபாட் ஜைரோ' என்று ஜப்பானியப் பெயர்தான் வரும். பெயரை மாற்றக்கூட நேரமில்லாத அவசரம். கேசட்டுக்குள் இன்னொரு கேசட்டின் வயிறே அடங்கிப்போயிற்று என்றால் எவ்வளவு இடம் சும்மா கிடந்திருக்கும் பாருங்கள்.

ஆனால் எல்லாமே காற்று என்று சொல்லிவிட முடியாது. அகலத்துக்குக் காரணம் உண்டு. 72 பின் என்றால் பக்கத்துக்கு 36, இரண்டரை மில்லிமீட்டருக்கு ஒன்று. அதற்கே 9 செ.மீ. போய்விடும். கூட்டின் அகலம் 12 செ.மீ. 60 எப்படி 72 ஆனது என்றால், நான்கு பின் திருட்டுக் கேசட்டைத் தடுக்கும் பூட்டு சில்லுக்கு, பத்து பின் கேம் பெட்டியின் அடியில் இருந்த விரிவாக்கத் துளைக்கு, ஜப்பானில் ஒலிக்கென்று இருந்த இரண்டு பின் கழிந்தது. அந்த விரிவாக்கத் துளையில் கடைசிவரை அவர்கள் எதையுமே விற்கவில்லை என்பது வேறு கதை.

உயரம்தான் வீண். 13 செ.மீ. உயரக் கூட்டில் பல பலகைகள் பாதிகூட எட்டாது.

மூணாவது_ஸ்டேஜ்:

சங்கரி அக்கா, பின் கணக்கெல்லாம் சரி. ஆனால் உயரத்தை "வீண்" என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட்டீர்களே, விஷயமே அங்கேதான் இருக்கிறது. 1983-இல் அமெரிக்காவில் வீடியோ கேம் சந்தை படுத்துவிட்டது. கேம் என்றாலே கடைக்காரர்கள் வேண்டாம் என்றார்கள். அதனால்தான் நின்டெண்டோ வி.சி.ஆர். (வீடியோ கேசட் பிளேயர்) மாதிரி முன்பக்கம் கதவு வைத்த பெட்டி செய்தது. கேசட்டைக் கிடையாக உள்ளே தள்ளி, கீழே அமுக்க வேண்டும். இணைப்பான் பெட்டியின் பின்கோடியில் இருக்கிறது. குட்டையான கேசட் என்றால் கை எட்டாது. வேஷம் போட்டது பெட்டி, அதற்கேற்ற நீளம் கேசட்டுக்கு. 1993-இல் மேலே செருகும் மாடல் வந்தபோது அதே கேசட் பாதிக்கு மேல் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது, பார்த்திருப்பீர்கள்.

என் கதை சின்னது. நியூஜெர்சி மாமா செல்டா என்ற என்.இ.எஸ். ஆட்டம் கொண்டுவந்தார். தங்க நிறக் கேசட், அந்த நிறம் தெரியட்டும் என்று அட்டைப்பெட்டியின் மூலையில் ஜன்னல் வேறு வெட்டியிருந்தது. தெருவே கூடிவிட்டது. நம் வீட்டு டிவி கேம் ஃபேமிகாம் நகல், அதில் 11 செ.மீ.க்கும் குறைவான அகலக் கேசட்தான் நுழையும். மாமா சாய்த்துப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், கடைசியில் "கத்தி இருக்கா?" என்றார். நான் கேசட்டைப் பிடுங்கிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடிவிட்டேன். இன்றுவரை அதில் ஆடியதில்லை. ஷோகேஸில் இருக்கிறது.

ஸ்கார்பரோ_தம்பி:

எங்கட வீட்டுக் கதை கேசட் வரும் அட்டைப்பெட்டியைப் பற்றியது. கனடாவுக்கு வந்த புதிதில் அண்ணா பழைய சாமான் கடையில் ஒரு என்.இ.எஸ். ஆட்டம் பெட்டியோடு வாங்கிக்கொண்டு வந்தார். கேசட்டை வெளியில் இழுத்தால், பெட்டிக்குள் இன்னும் ஏதோ கிடக்கிறது. அம்மா கையை விட்டு எடுத்தா. ஒரு துண்டு தெர்மாகோல். கேசட் கீழே இறங்கிப் போகாமல் இருக்க முட்டுக்கொடுத்து வைத்திருக்கிறார்கள்.

கூட்டுக்குள் பாதி காற்று, அந்தக் கூட்டைவிடப் பெரிய பெட்டி, அந்த வித்தியாசத்துக்குத் தெர்மாகோல். மூணாவது ஸ்டேஜ் அண்ணா சொல்லும் வி.சி.ஆர். கதவு இதற்கு எப்படிக் காரணமாகும்? பெட்டி கடை அலமாரிக்காகத்தான். தூரத்தில் நிற்கிற பிள்ளையின் கண்ணில் படவேண்டும், தகப்பனுக்குக் காசு கொடுத்ததுக்குக் கையில் ஏதாவது இருக்கவேண்டும், அவ்வளவுதான். அம்மா அந்தத் தெர்மாகோலை எறியவில்லை. ஊசி குத்திவைக்க எடுத்துக்கொண்டா.

அகிஹபாரா_அலைச்சல்:

பின்னும் இல்லை, கதவும் இல்லை, மனம் வைக்கவில்லை என்பேன் நான். டோக்கியோவில் வேலை. அகிஹபாராவில் பழைய கேம் கடைக்குள் ஒரு மாடி ஏறினேன். கடைக்காரர் கண்ணாடி அலமாரியிலிருந்து ஏ.டி.எம். கார்டு மாதிரி ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். கடையின் உறுப்பினர் அட்டை தருகிறார் போல என்று பர்ஸைத் திறந்தேன். அவர் சிரித்துவிட்டு, பக்கத்தில் இருந்த உள்ளங்கை அகலப் பெட்டியில் அதைச் செருகிக் காட்டினார். பிசி எஞ்சின் என்ற ஜப்பானிய கேம் இயந்திரம், 1987. முழு ஆட்டமும் அந்த அட்டையில்தான். ஹூகார்டு என்று பெயர்.

1987-லேயே இரண்டு மில்லிமீட்டர் தடிமனில் முடிந்தது. அதே இயந்திரத்தை அமெரிக்காவுக்கு அனுப்பும்போது என்ன செய்தார்கள் தெரியுமா? பெட்டியைப் பெரிதாக்கிவிட்டார்கள். ஆக, பெரிசாக இருந்தால்தான் அந்த ஊரில் மதிப்பு. சங்கரி மேடம் இதற்கு என்ன சொல்கிறார்?

சர்க்யூட்_சங்கரி:

சொல்கிறேன். அந்த அட்டையில் இருப்பது கருப்புச்சொட்டு வீட்டில் பார்த்த சமாச்சாரத்தின் உறவுக்காரன்தான். சில்லை இரண்டு வரிசைக் கால் வைத்த பொட்டலத்தில் போடாமல் நேராகப் பலகையில் ஒட்டிவிடுவது. 28 கால் சில்லின் பொட்டலம் மூன்றரை செ.மீ. நீளம், உள்ளே இருக்கும் சிலிக்கன் சில மில்லிமீட்டர். பொட்டலத்தை விட்டால் எதுவும் சின்னதாகிவிடும்.

ஆனால் இடம் சும்மா விட்டதற்கு என்.இ.எஸ். பின்னால் பலன் அனுபவித்தது. சூப்பர் மரியோ மொத்தமே 40 கிலோபைட். 1993-இல் வந்த 'கிர்பீஸ் அட்வென்சர்' 768 கிலோபைட். நினைவகத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டித் தரும் மேப்பர் சில்லு, சேமித்து வைக்க ராம், அதற்கு ஒரு பேட்டரி, எல்லாம் அதே கூட்டுக்குள் ஏறின. அட்டையில் அது நடக்குமா? பிசி எஞ்சினுக்கு 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2' வந்தபோது அட்டையின் முதுகு புடைத்துக்கொண்டதே, உங்கள் கடைக்காரரிடம் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். "மனம் வைக்கவில்லை" என்பதெல்லாம் சும்மா.

சிராங்கூன்_சிவா:

நியோ ஜியோ என்ற கேம் இயந்திரத்தின் கேசட்டைக் கையில் வாங்கியவர்கள் யாருமே இல்லையா? சிங்கப்பூரில் நண்பன் ஒருவன் ஒரே ஒரு நிமிஷம் பிடிக்கக் கொடுத்தான். வி.எச்.எஸ். வீடியோ கேசட் அளவு. உள்ளே இரண்டு பலகை, இரண்டிலும் சில்லுகள். அதில் காற்று கிடையாது. அவன் அப்பா வந்ததும் "மேசையில வை, மேசையில வை" என்று பதறினான், விலை அப்படி.

பேட்டரி_பெரியசாமி:

என்னிடம் இருந்த செல்டாவில் சேமித்தது எல்லாம் ஒரு நாள் காலையில் காணோம். எட்டாவது கோட்டை வரை போயிருந்தேன். மனசே விட்டுப்போச்சு.

எனவே அனைவரும் கவனிக்க. உள்ளே இருப்பது சி.ஆர். 2032 நாணய பேட்டரி. சும்மா மாற்ற முடியாது, பலகையில் பற்றவைத்திருப்பார்கள். கடையில் வாங்கும் வெறும் பேட்டரியின் மேல் நேராகச் சூட்டுக்கோலை வைக்காதீர்கள், வெடிக்கலாம். தகட்டுக் கால் ஒட்டியே வரும் பேட்டரியை வாங்குங்கள். கூட்டலும் கழித்தலும் பலகையிலேயே குறித்திருக்கும், கழற்றுவதற்கு முன் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மாற்றினால் பழைய சேமிப்பு போய்விடும், புலம்பிப் பயனில்லை. அடுத்தது, வாயால் ஊதுவது. தயவுசெய்து நிறுத்துங்கள். எச்சில் ஈரம் பட்டுப் பட்டுப் பின்கள் அரித்துப்போகும். பஞ்சுக்குச்சியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடையுங்கள். அழி ரப்பர் போட்டுத் தேய்க்காதீர்கள், முலாம் போய்விடும். சென்னைக் காற்றுக்கு அட்டைப்பெட்டி பூஞ்சை பிடிக்கும், செருப்பு டப்பாவில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தைச் சேர்த்து வையுங்கள். வெயிலில் காட்டாதீர்கள், சாம்பல் நிறக் கூடு மஞ்சளடிக்கும். ஷோகேஸில் வைத்திருக்கும் தம்பி, உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன், வைத்தே இருந்தாலும் பேட்டரி கசியலாம். ஒருமுறை திறந்து பாருங்கள்.

மூணாவது_ஸ்டேஜ்:

ஐயா, கூடு ஏன் பெரிசு என்பதுதான் பேச்சு.

லண்டன்_லோகு:

கேசட் இல்லை, டிஸ்க் ஆட்டம், ஆனால் இங்கே சொல்லியே ஆகவேண்டும். இன்ஃபோகாம் 1984-இல் வெளியிட்ட 'ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைடு' எழுத்து ஆட்டம். ஒரே ஒரு ஃபிளாப்பிக்குத் தடிமனான பெட்டி. அதற்குள் எதுவும் தெரியாத கருப்பு அட்டைக் கண்ணாடி, ஒரு பஞ்சு உருண்டை, ஒரு சட்டைப் பொத்தான் பேட்ஜ், இப்படி என்னென்னவோ. கூடவே ஒரு காலி பிளாஸ்டிக் பை. கண்ணுக்குத் தெரியாத விண்கலப் படை அதற்குள் இருக்கிறதாம்! அப்பா எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கிவிட்டு, அந்தப் பையை மட்டும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "காற்றைக்கூட விலைக்கு வித்துட்டானே" என்றார். அவர் கணக்காளர், சிரிக்கவே இல்லை. எனக்குத் தெரிந்து, காற்று இருக்கிறது என்று நேர்மையாகச் சொல்லி விற்றது அவர்கள் மட்டும்தான்.

ஸ்கார்பரோ_தம்பி:

இப்ப மட்டும் என்ன? மகனுக்கு நின்டெண்டோ ஸ்விட்ச் ஆட்டம் வாங்கினேன். திறந்தால் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய அட்டை ஒரு மூலையில், மற்றப்படி பெட்டி முழுக்க வெறுமை. கையேடுகூட இல்லை. பிள்ளைகள் விழுங்கிவிடாமல் இருக்கக் கசப்பு மருந்து பூசியிருக்கிறார்கள் என்றதும் மகன் நக்கிப் பார்த்தான். பிறகு என்னையும் நக்கச் சொன்னான். நக்கினேன், வேறென்ன செய்ய.

கருப்புச்சொட்டு:

பெரியசாமி ஐயா, பேட்டரி விஷயம் உபயோகமாகத்தான் இருக்கிறது. பின்னால் வந்த கேசட்டுகளில் இருக்கும் அந்த விசேஷ ஸ்க்ரூவுக்கு 3.8 மி.மீ. பிட் வேண்டுமாமே, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் எந்தப் பக்கம் கிடைக்கும்?