கேப் இயரில் ஸ்கீ இன்ஸ்ட்ரக்டர் பயிற்சி, நாளைக்குள் முன்பணம் கட்ட வேண்டும், கட்டலாமா?

பனிக்குப்புதுசு:
வணக்கம். கனடா வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஜனவரியிலிருந்து ஒரு வருஷம் பிரேக் எடுத்து, மலைப்பக்கம் தங்கி, ஸ்கீ இன்ஸ்ட்ரக்டர், அதாவது பனிச்சறுக்கு சொல்லிக்கொடுப்பவர் ஆகிற பயிற்சி முடித்து அங்கேயே வேலை பார்க்கலாம் என்று இருக்கிறேன். நாளை மாலைக்குள் முன்பணம் கட்டச் சொல்கிறார்கள், கட்டினால் திரும்ப வராதாம். வீட்டில் இன்னும் சொல்லவில்லை. கட்டலாமா? சீக்கிரம் சொல்லுங்கள், தூக்கமே இல்லை.

ஈரச்சாக்ஸ்:
முதலில் பூட்ஸ் வாங்குங்கள். ஸ்கீ, கையில் பிடிக்கிற ஊன்றுகோல் எல்லாம் வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம், பூட்ஸ் மட்டும் காலை அளந்து பொருத்தித் தருகிற கடையில் சொந்தமாக வாங்க வேண்டும். என் முதல் குளிர்காலத்தில் ஒரே வீட்டில் ஆறு பேர், ஹீட்டர் மேல் எப்போதும் யாருடையதாவது சாக்ஸ் காய்ந்துகொண்டிருக்கும், எதுவும் முழுசாகக் காயாது, விடிந்தால் அதையே மாட்டிக்கொண்டு ஓட வேண்டும். அந்தக் கஷ்டம் உங்களுக்கு வேண்டாம்.

மலையடிவாரம்:
தம்பி பயப்படாதீங்க. சிஎஸ்ஐஏ என்கிற கனடா ஸ்கீ இன்ஸ்ட்ரக்டர் சங்கம் 1938லிருந்து இருக்கிறது, சான்றிதழ் மொத்தம் நான்கு லெவல். முதல் லெவல் சில நாள் பயிற்சிதான், பள்ளிக்கூடப் பிள்ளைகளே வந்து எடுக்கிறார்கள். வேகத்தை யாரும் பார்ப்பதில்லை. நடுத்தரச் சரிவில் இரண்டு ஸ்கீயையும் இணையாக வைத்துத் திரும்பத் தெரிய வேண்டும், ஸ்கீ முனைகளைச் சேர்த்து வெட்ஜில் (ஆப்பு வடிவில்) நிதானமாக இறங்கிக் காட்டி, புதிதாக வந்தவருக்குப் புரிகிற மாதிரி சொல்லிக்கொடுக்கவும் தெரிய வேண்டும். கட்டிடுங்க.

இரண்டாம்லெவல்:
அண்ணா சொல்வதை நம்பி வராதீங்க. லெவல் 1 வைத்திருந்தால் ஆரம்பநிலை வகுப்புதான், பெரும்பாலும் சின்னக் குழந்தைகள். அழுகிற பிள்ளைக்குக் கையுறை மாட்டிவிடுவதிலேயே பாதி நேரம் போகும். நான் வேலை பார்த்த இடத்தில் வகுப்பு எடுத்த மணிக்கு மட்டும்தான் சம்பளம். ஆள் வராத நாளில் யூனிஃபார்மோடு நின்றுவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

மலையடிவாரம்:
எல்லா இடமும் அப்படி இல்லை. எனக்கு முதல் சீசனே நன்றாகத்தான் போனது.

ஈரச்சாக்ஸ்:
நன்றாகப் போய் என்ன, வாடகைக்கே சரியாகிவிடும். விஸ்லர் மாதிரி பெரிய ஸ்கீ ஊரில் ரூம் தேடிப் பார்த்திருக்கிறீர்களா?

இரண்டாம்லெவல்:
வாடகையை விடுங்க. ஊரில் சொல்லிப் பாருங்கள், "சறுக்கி விளையாடவா அவ்வளவு தூரம் போனாய்" என்பார்கள். என் சித்தப்பா இன்னும் நான் ஐஸ் ஃபேக்டரியில் வேலை பார்த்ததாகத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

கோப்புக்கட்டு:
எல்லாரும் கொஞ்சம் நிறுத்துங்க. தம்பி, நீங்கள் எந்தப் பெர்மிட்டில் இருக்கிறீர்கள்? ஒருத்தர்கூட அதைக் கேட்கவில்லை.

பனிக்குப்புதுசு:
ஸ்டடி பெர்மிட் அக்கா. டிப்ளமோ இரண்டாவது செமஸ்டர் ஜனவரியில் தொடங்குகிறது, அதைத்தான் ஒரு வருஷம் தள்ளிப்போடலாம் என்று... அது முக்கியமா?

கோப்புக்கட்டு:
அதுதான் முக்கியமே. முன்பணம் கட்டாதீங்க. ஸ்டடி பெர்மிட்டில் இருப்பவர் கல்லூரி அனுமதியோடு லீவ் எடுத்தாலும் 150 நாளுக்கு மேல் போகக்கூடாது, அந்த லீவில் கல்லூரிக்கு உள்ளேயும் வெளியேயும் வேலை செய்யக்கூடாது. சம்பளம் வாங்காமல் வகுப்பில் உதவுகிறேன் என்றாலும், இங்கே ஒருத்தர் காசுக்குச் செய்யக்கூடிய வேலையாக இருந்தால் அதையும் வேலையாகவே எடுத்துக்கொள்ளலாம். படிப்பில் இடைவெளி விழுந்தால் நாளைக்குப் படிப்பு முடித்து வேலை செய்வதற்கான போஸ்ட் கிராஜுவேஷன் ஒர்க் பெர்மிட் கேட்கும்போது இடிக்கும், அதுதான் பெரிய தலைவலி.

ஆசையை விட வேண்டாம். முழுநேரமாகப் படித்துக்கொண்டே, உங்கள் பெர்மிட்டில் கல்லூரிக்கு வெளியே வேலை செய்ய அனுமதி எழுதியிருந்தால், செமஸ்டர் நடக்கும்போது வாரம் 24 மணி நேரம் வரை வேலை செய்யலாம். லெவல் 1ஐ ஒரு வாரக்கடைசியிலோ டிசம்பர் விடுமுறையிலோ முடியுங்கள். நகரத்துக்குப் பக்கத்துச் சின்ன மலைகளில் சனி ஞாயிறு மட்டும் சொல்லிக்கொடுக்க ஆள் எடுப்பார்கள். அப்புறம் டிப்ளமோ முடித்து ஒர்க் பெர்மிட் கையில் வந்ததும் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை முழு சீசனும் மலையிலேயே இருந்துகொள்ளுங்கள், யாரும் கேட்க மாட்டார்கள்.

காலையில் கல்லூரியின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் இதையே ஒருமுறை கேட்டுவிடுங்கள். உங்கள் மாணவர் இன்ஷூரன்ஸில் ஸ்கீ விபத்து சேருமா என்பதையும் கேளுங்கள், முழங்கால் தசைநார் கிழிவது இந்த விளையாட்டில் சகஜம். ஆமாம், ஸ்கீ ஓட்டத் தெரியுமா தெரியாதா?

பனிக்குப்புதுசு:
போன மாதம்தான் முதல்தடவை போனேன் அக்கா. மலை மேலே ஏற்றிவிடுகிற லிஃப்டிலிருந்து இறங்கும்போது விழுந்துவிட்டேன்.

இரண்டாம்லெவல்:
அப்போ லெவல் 1 இந்தச் சீசன் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்க. அதுவரை வாரக்கடைசியில் கற்றுக்கொள்ளலாம்.