மொட்டையடித்த தலையில் மினாக்ஸிடில் தடவியதால் எரிச்சலும் படபடப்பும்

கேள்வி (காரைக்குடியிலிருந்து):
எனக்கு வயது 36. உச்சியில் முடி குறைந்து வந்ததால், மருந்துக்கடையில் கேட்டு 5 சதவீத மினாக்ஸிடில் கரைசல் வாங்கி, ஐந்து வாரம் காலையும் இரவும் தடவினேன். மூன்றாம் வாரத்திலிருந்து தலையணை உறையில் முன்பைவிட அதிகமாக முடி கிடந்தது. பொடுகுபோல் தோலும் உரிந்தது. இதற்கிடையே தைப்பூசத்துக்குக் காவடியோடு நடந்து போய்ப் பழனியில் முடியிறக்கினேன். வீடு திரும்பிய இரவே, முடியில்லாத தலையில் மருந்து நன்றாக இறங்கும் என்று எண்ணி, வழக்கமான அளவைப்போல் இரண்டு மடங்கு தடவிவிட்டேன். கத்தி கீறிய இடமெல்லாம் மிளகாய் அரைத்துப் பூசியதுபோல் எரிந்தது. மறுநாள் காலையில் வளவை (வீட்டின் உள்முற்றத்தை) கடந்து முகப்புக்கு வருவதற்குள் நெஞ்சு படபடத்தது; திண்ணையில் சற்று நேரம் உட்கார்ந்த பிறகே அடங்கியது. இது மருந்தால் வந்ததா, நடந்த களைப்பா? வீட்டில் ஏழு மாதக் குழந்தை இருப்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பதில் 1 (தேவகோட்டை, மருந்தாளுநர்):
முதலில் மருந்தை நிறுத்திவிட்டு, இன்றே மருத்துவரிடம் சென்று இரத்த அழுத்தத்தையும் நாடித்துடிப்பையும் பார்த்துக்கொள்ளுங்கள். களைப்பாகவும் இருக்கலாம், ஆனால் மருந்தின்மேல் ஐயப்படக் காரணம் இருக்கிறது. மினாக்ஸிடில் 1979இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இரத்த அழுத்த மாத்திரை. இரத்தக் குழாய்களைத் தளர்த்துவதே அதன் வேலை. அதை உட்கொண்டவர்களுக்கு உடலெங்கும் முடி வளர்ந்ததைக் கண்ட பிறகே, 1988இல் தலையில் தடவும் கரைசலாக அது விற்பனைக்கு வந்தது. காயமில்லாத தோல் வழியாக மிகச் சிறிதளவே உள்ளே போகும். கீறலும் புண்ணும் உள்ள தோல் அதைவிட அதிகமாக உறிஞ்சிவிடும். ஒரு வேளைக்கு 1 மி.லி., நாளுக்கு இரு வேளை என்பதே அளவு. கூடுதலாகத் தடவினால் பக்கவிளைவுதான் கூடும், முடி கூடாது.

தோல் உரிவதற்குப் பெரும்பாலும், மருந்தைக் கரைப்பதற்காகக் கரைசலில் சேர்க்கும் புரோப்பிலீன் கிளைக்கால் என்ற திரவம் காரணமாக இருக்கும். அது சேராத நுரை வடிவ மருந்தும் கிடைக்கிறது. தொடக்கத்தில் முடி கொட்டியதற்கு அஞ்ச வேண்டாம். ஓய்வு நிலையிலிருந்த பழைய முடியைப் புதியது தள்ளுவதால் நேர்வது அது. சில வாரங்களில் தணியும். நெஞ்சுவலி, மயக்கம், கால் வீக்கம், காரணமின்றி எடை ஏறுதல் ஆகியவற்றில் எது வந்தாலும் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. தலைவலித் தைலம்போல் கேட்டவுடன் இதை எடுத்துக் கொடுக்கும் எங்கள் தொழில்காரர்கள்மீதும் எனக்கு வருத்தம் உண்டு.

பதில் 2 (கானாடுகாத்தான்):
தம்பி, குழந்தையைப் பற்றி ஒரு வரியில் முடித்துவிட்டீர்கள். எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. தடவியவரின் தோலோடு தோல் உரசியதால் கைக்குழந்தைகளுக்கு உடலில் முடி அடர்ந்து வளர்ந்ததை வைத்து, ஐரோப்பிய மருந்து முகமை 2024இல் எச்சரிக்கை சேர்க்கச் சொன்னது. தடவியதும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மருந்து பட்ட தலையணையில் குழந்தையைப் படுக்க வைக்காதீர்கள். பூனை வளர்ப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அது நக்கினால் உயிருக்கே ஆபத்து. நானும் இரண்டாண்டுகளுக்கு முன் தடவினேன். ஈரம் காயுமுன் படுத்ததாலோ என்னவோ, நெற்றி ஓரத்திலும் கன்னத்திலும் மெல்லிய பூனைமுடி கருத்து வளர்ந்தது. நிறுத்திய பிறகு நான்கு மாதத்தில் உதிர்ந்தது. பால் கொடுக்கும் உங்கள் வீட்டு ஆச்சி (மனைவி), முடி கொட்டுகிறதே என்று அந்த மருந்தைத் தானும் எடுத்துத் தடவிவிட வேண்டாம்.

பதில் 3 (புதுவயல்):
பாட்டிலின் பின்பக்கத்தைப் படித்தீர்களா? ஆண்களின் முடி உதிர்வுக்குத் தரும் இன்னொரு மருந்தான பினாஸ்டிரைடு கலந்த கரைசல்களும் விற்கின்றன. கலந்திருந்தால், கருவுற்ற பெண்கள் அதைத் தொடவே கூடாது. ஆண் குழந்தையாயின் பிறப்புறுப்பு வளர்ச்சி பாதிக்கப்படலாம். ஆண்களுக்குப் பாலுணர்வுக் குறைவும் மனச்சோர்வும் வரலாம்.

கேட்டவர்:
படித்துப் பார்த்தேன், சிறிய எழுத்தில் பினாஸ்டிரைடு 0.1 சதவீதம் என்று இருக்கிறது. இத்தனை வாரமும் அதைக் கவனிக்கவில்லை. இரத்த அழுத்தம் சரியாக இருப்பதாகக் கூறிய மருத்துவர், இதயத்துடிப்பு வரைபடமும் எடுத்தார், அதிலும் குறையில்லை. கீறல் முழுவதும் ஆறும் வரை தலையில் எதையும் தடவக் கூடாது என்றும், அதன் பிறகும் தோல் மருத்துவரைக் கேட்டே தொடங்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார். தலையணை உறைகளை வெந்நீரில் ஊறப் போட்டாயிற்று.