டாங்கோ நடனத்தின் எட்டடியில் முதல் அடியைப் பின்னால் வைக்கலாமா?

சாலோன்பிரியன்:
எட்டடிப் பாடம், அதாவது எட்டு அடிகள் கொண்ட அடிப்படை வரிசை, தெரியாதவருக்கு டாங்கோ தெரியாது. ஆண் வலது காலைப் பின்னால் வைக்கிறார், இடது பக்கவாட்டில், பிறகு முன்னால் இரண்டு அடி. ஐந்தில் பெண் இடது காலை வலது காலுக்கு முன்னால் குறுக்கே போடுகிறார். ஆறு முன்னால், ஏழு பக்கம், எட்டில் கால் சேரும். என்னைக் கேட்டால், 1940-களின் டாங்கோ பொற்கால நடனமே இதுதான்.

ரோண்டாக்காரன்:
1940-களை எதுக்கு இதுல இழுக்கறீங்க? அடி வரிசை சரி, ஆனா முதல் அடி தப்பு. மிலோங்காவில், அதாவது டாங்கோ ஆடக் கூடுற இடத்தில், எல்லா ஜோடியும் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்றுது. ஆண் முன்னோக்கிப் போறார், பெண் பின்னோக்கி வர்றாங்க. அப்போ உங்க முதுகுக்குப் பின்னால யாரு? அடுத்த ஜோடியின் பெண். அவங்களும் உங்களுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு உங்களை நோக்கித்தான் வர்றாங்க. நீங்க வலது காலைப் பின்னால நீட்டினா உங்க குதிகால் போய் இடிக்கிறது அவங்க கணுக்காலை.

சாலோன்பிரியன்:
முழு நீளத்துக்கு நீட்டச் சொன்னது யார்? ஒரு பாத நீளம் போதும். பின்னால் வருகிற ஜோடியின் ஆணுக்குக் கண் இருக்கிறது, என் முதுகு அவருக்குத் தெரிகிறது. இடைவெளி விடுவது அவர் பொறுப்பு.

ரோண்டாக்காரன்:
அவர் விட்ட இடைவெளியே ஒரு அடிதான் சார். அதையும் நீங்க பிடிச்சுக்கிட்டு பழியை அவர் மேல போடறீங்க. அவர் நெஞ்சு முன்னால வந்தாச்சு, அந்தப் பெண்ணின் எடை பின்காலுக்குப் போயிட்டிருக்கு. அந்த நேரத்துல நிறுத்தணும்னா அவர் தன் எடையைச் சட்டுனு பின்னுக்கு இழுக்கணும், அணைப்பு குலையும், பெண் தடுமாறுவாங்க. முதல் அடிக்குப் பதிலா நின்ன இடத்திலேயே எடையை வலது காலுக்கு மாத்துங்க, இரண்டாவது அடியில் இடப்பக்கம் கிளம்புங்க. ஐந்தாம் அடிக் குறுக்கு அப்படியே வரும், எதுவும் கெட்டுப்போகாது.

பண்டோனியன்71:
ரெண்டு பேரும் பாட்டை மறந்துட்டீங்க. 1935 கடைசியில் பியாஜி பியானோவில் உட்கார்ந்த பிறகுதான் தாரியென்சோவின் டாங்கோ இசைக்குழுவுக்கு அந்தத் துடிப்பு வந்தது. ஆட்டக்காரங்க தளத்துக்குத் திரும்பினதும் அதனாலதான். அந்தத் தாளத்துக்கு ஒண்ணு ரெண்டுன்னு எண்ணிக்கிட்டே போறவர் இசை நிற்கிற இடத்துல நடப்பார், நடக்கிற இடத்துல நிற்பார்.

சாலோன்பிரியன்:
பியாஜி 1938-ல் விலகினார். அதோடு தாரியென்சோ ஓய்ந்துவிட்டாரா? 1940-ல் பியானோவுக்குச் சலமாங்கா வந்த பிறகு பதிவானவை என்ன, தாலாட்டா? போன விவாதத்தில் பண்டோனியன் என்ற டாங்கோ துருத்திக் கருவி பிறந்த ஊருக்கும் இப்படித்தான் அடம் பிடித்தீர்கள்.

பண்டோனியன்71:
அதுல அடம் எங்கே வந்தது? ஹைன்ரிஷ் பாண்ட் ஜெர்மனிக்காரர், கருவிக்கே அவர் பேர்தான். பெரிய கலைஞர்கள் தேடி வாங்கின ஆல்ஃபிரட் ஆர்னால்ட் பண்டோனியன்களும் ஜெர்மனியின் கார்ல்ஸ்ஃபெல்டில் செஞ்சவை. அன்னைக்கும் நீங்க இதுக்குப் பதில் சொல்லல.

மான்டிவீடியோ:
எல்லாப் பெருமையும் பியூனஸ் அயர்ஸுக்கேவா? மிலோங்காவில் கடைசிப் பாட்டாகப் போடும் 'லா கும்பர்சீத்தா'வுக்கு இசையமைத்த மாதோஸ் ரோட்ரிகஸ் உருகுவேக்காரர். 2009-ல் யுனெஸ்கோ பட்டியலில் டாங்கோ ஏறியதும் அர்ஜென்டினா, உருகுவே இரண்டு நாட்டின் பேரிலும்தான்.

ரோண்டாக்காரன்:
உருகுவேக்குத் தனி இழை தொடங்குங்க. இங்கே பேச்சு பின்னடி. பொற்காலத்தில் பையன்கள் பயிற்சிக் கூடத்தில் ஆணோடு ஆண் ஆடித்தான் பழகினாங்க, முதலில் பெண்ணின் பங்கை. பின்னோக்கி நடந்து பார்த்தவருக்கு முதுகுப் பக்கம் என்ன ஆபத்துன்னு யாரும் சொல்லித்தர வேண்டாம். மேடை வேற. 1983-ல் பாரிஸிலும் 1985-ல் பிராட்வேயிலும் 'டாங்கோ அர்ஜென்டினோ' மேடை நிகழ்ச்சியைப் பார்த்து உலகமே வகுப்பில் சேர்ந்தது. மேடையில் பின்னால ஜோடி கிடையாது, எவ்வளவு வேணும்னாலும் நீட்டலாம். நெரிசலான தளத்தில் பின்னடி கூடாது.

சாலோன்பிரியன்:
என்னை மேடை ஆட்டக்காரன் என்று மட்டம் தட்டுவது இது முதல் முறை அல்ல. ஒரு பாத நீளம் என்று தெளிவாகச் சொல்லிவிட்டேன்.

ரோண்டாக்காரன்:
ஒரு பாத நீளமும் பின்னாலதான் போகுது. அங்கேயும் அந்தப் பெண்ணின் கால்தான் இருக்கு.

மான்டிவீடியோ:
உருகுவே என்றதும் தனி இழைக்குத் துரத்துகிறீர்கள். பாரிஸுக்கு மட்டும் இங்கே இடம் இருக்கிறதா?

சாலோன்பிரியன்:
நான் எட்டடியைப் பின்னடியோடுதான் சொல்லித்தருவேன். சலமாங்கா பற்றிக் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை.