பாக்ஸிங் கிளாஸ் சேரப்போறேன், கிளவுஸ் எது வாங்கறது?

மக்களே ஒரு ஹெல்ப். பெரம்பூர்ல எங்க வீட்டுக்கிட்ட ஒரு ஜிம்ல பாக்ஸிங் ஃபிட்னஸ் பேட்ச் போட்டிருக்காங்க, சண்டையெல்லாம் கிடையாது, தொங்கவிட்ட பேக்ல குத்தறது, ஸ்கிப்பிங், ஸ்குவாட், 3 நிமிஷம் ரவுண்டு 1 நிமிஷம் ரெஸ்ட், அவ்ளோதான். ட்ரையல் போய்ட்டு வந்தேன், முதல் ரவுண்டு பாதியிலயே நாக்கு தள்ளிடுச்சு, கோச் ஜாப், கிராஸ்னு குத்து பேரா கத்துறாரு, எனக்கு எந்தக் கைன்னே புரியல (நான் இடது கை, அதனால வலது கால முன்னாடி வைக்கச் சொன்னாரு). ஆனா செம்ம ஜாலி!

பிரச்சனை என்னன்னா அங்க எல்லாரும் மாத்தி மாத்தி போடற கிளவுஸ், உள்ள கைய விட்டாலே ஈரமா பிசுபிசுன்னு இருக்கு, அந்த நாத்தம் சோப்பு போட்டும் போகல. சொந்தமா வாங்கிடலாம்னு பாத்தா கடைல 10 அவுன்ஸ் (கிளவுஸ் எடை) போதும்ங்கறாங்க, பேட்ச்ல ஒரு அக்கா பேக்குக்கு 14 எடுன்றாங்க. நான் 62 கிலோ. ஹேண்ட் ராப் (கிளவுஸுக்குள்ள கைல சுத்தற துணிப்பட்டை) 180 இன்ச் எடுக்கவா, சின்னக் கைக்கு 120 போதுமா?

அப்புறம் ஹூக் (பக்கவாட்டுல வளைச்சுக் குத்தறது) போட்டா மணிக்கட்டு மடங்குது, சுண்டுவிரல் முட்டி வேற செவந்து கிடக்கு. ராப் சரியா கட்டினா சரியாகுமா, இல்ல நான் குத்தறதே தப்பா?

எங்கம்மா “பொம்பளப் புள்ளைக்கு எதுக்குடி குத்துச்சண்டை”ங்கறாங்க, வடசென்னைல பொறந்துட்டு இதுகூட பண்ணலன்னா எப்படிம்மான்னுட்டேன் 😄 பட்ஜெட் 2000க்குள்ள, யூஸ் பண்ணவங்க மட்டும் சொல்லுங்க ப்ளீஸ், சனிக்கிழமை கடைக்குப் போறேன்.